ரெட்ரோஆர்ச்: நிறுவுவது பாதி, சரிசெய்வது மீதி

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேட்ரிட்ஜுக்குள் நிரலும் படங்களும் சேர்த்து 40 கிலோபைட்தான். இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படமே அதைவிடப் பல மடங்கு பெரியது. அப்படியிருந்தும் அந்த ஆட்டத்தை இன்னும் ஆடுகிறார்கள். அது வெளிவந்து இருபது ஆண்டு கழித்துப் பிறந்தவர்களும் ஆடுகிறார்கள். ஆகவே ‘சின்ன வயது ஞாபகம்’ என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. பொத்தானைத் தொட்டதும் மாரியோ எழும்புகிறான். லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். லோடிங் திரை இல்லை, அப்டேட் இல்லை, அரைமணி நேரப் பயிற்சிப் பாடம் இல்லை. தோற்றால் தப்பு யாருடையது என்பதில் சந்தேகமே வராது.

பழைய ஆட்டங்களின் பிடி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கைக்கும் திரைக்கும் நடுவே தாமதம் தெரியாதது. இரண்டு, பழைய குழாய் டிவியை (சிஆர்டி) மனதில் வைத்தே புள்ளி புள்ளியாக வரைந்த படம். எமுலேட்டரை, அதாவது பழைய கன்சோலை இன்றைய கருவியில் நகலெடுத்து ஓட்டும் மென்பொருளை, மதிப்பிடுவதென்றால் இந்த இரண்டையும் எவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்தக் கணக்கில், ரெட்ரோஆர்ச் நிறுவிய நிலையில் சுமார். ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்துவிட்டால், இத்தனை இயந்திரங்களை இவ்வளவு நன்றாக ஒரே இடத்தில் ஓட்டும் மென்பொருள் வேறில்லை. அந்தச் சரிசெய்தலில் எது முக்கியம், எதைத் தொடாமல் விடலாம் என்பதையும் சேர்த்துத்தான் இந்த மதிப்பாய்வு.

ஒரே முகப்பு, பல கோர்கள்

ரெட்ரோஆர்ச் தனியாக எந்த ஆட்டத்தையும் ஓட்டாது. அது ஒரு முகப்பு. ஒவ்வொரு கன்சோலையும் நகலெடுக்கும் நிரல் ‘கோர்’ என்ற பெயரில் தனியாக வந்து அதில் பொருந்தும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒப்பந்தத்துக்குப் பெயர் லிப்ரெட்ரோ. 2010இல் எஸ்எஸ்என்இஎஸ் என்ற பெயரில் தொடங்கிய திட்டம் இது. 2012இல்தான் இப்போதைய பெயருக்கு மாறியது. இலவசம், திறந்த மூலம், விளம்பரம் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு என எல்லாவற்றிலும் ஓடுகிறது. 2024 மே மாதம் முதல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் கிடைக்கிறது. ஆனால் ஐபோனில் ஜேஐடி (ஓடும்போதே நிரலை வேகமான வடிவுக்கு மாற்றும் முறை) அனுமதி இல்லாததால் கனமான கோர்கள் அங்கே திணறும். 16-பிட் காலம் வரையிலான கன்சோல்களுக்குக் கவலை இல்லை.

எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஸ்டீம், கூகுள் பிளே பதிப்புகளில் கோர்களின் எண்ணிக்கை குறைவு. முடிந்தவரை திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து நிலையான பதிப்பையே எடுங்கள். தினமும் வரும் நைட்லி பதிப்பு சோதனை செய்பவர்களுக்கானது. ஆட உட்காருபவர்களுக்கு அதில் வேலை இல்லை.

ஒவ்வொரு கன்சோலுக்கும் மூன்று நான்கு கோர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துத்தான் புதியவர்கள் முதலில் தடுமாறுவார்கள். நின்டெண்டோவின் 8-பிட் கன்சோலான என்இஎஸ்ஸுக்கு மெசென் துல்லியமானது. பழைய செல்பேசி என்றால் எஃப்சிஇயுஎம்எம் போதும். சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ் ஏறக்குறைய எல்லா ஆட்டத்தையும் குறையில்லாமல் ஓட்டுகிறது. பிஎஸ்னெஸ் அதைவிடத் துல்லியமானதுதான், ஆனால் அந்த வித்தியாசம் கண்ணில் படும் ஆட்டங்கள் சொற்பம், செயலிக்கு வேலையோ அதிகம். சேகாவின் மெகா டிரைவுக்கு ஜெனசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் என்று மறுயோசனை இல்லாமல் சொல்லலாம். அது 32எக்ஸ் இணைப்பை மட்டும் ஆதரிக்காது, அதற்கு பிக்கோடிரைவ் வேண்டும். கேம் பாய்க்கு கேம்பாட்டே அல்லது சேம்பாய், கேம் பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ. டிரீம்காஸ்டுக்கு ஃபிளைகாஸ்ட்.

முதல் பிளேஸ்டேஷனில்தான் நிஜமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. வலுவான கணினி இருந்தால் பீட்டில் பிஎஸ்எக்ஸ் எச்டபிள்யூ, நடுத்தரமானால் ஸ்வான்ஸ்டேஷன், ராஸ்பெரி பை போன்ற சின்னப் பலகையானால் பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட். கடைசியாகச் சொன்னதைக் குறைவாக நினைக்க வேண்டாம். 2018இல் சோனியே வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டிக்குள் ஓடியது இதே திறந்த மூல எமுலேட்டர்தான்.

பிளேஸ்டேஷன் கோர்களில் உள்ளகத் தெளிவுத்திறனை நான்கு மடங்காக ஏற்றும் வசதி உண்டு. பார்த்ததும் கை துறுதுறுக்கும். முழுக்க முப்பரிமாணமான பந்தய ஆட்டங்களுக்கு அது அழகு சேர்க்கும். ஃபைனல் ஃபேண்டஸி 7 மாதிரி, முன்பே வரைந்து வைத்த பின்னணிப் படத்தின் மேல் பாத்திரங்கள் நடக்கும் ஆட்டங்களில் நிலைமை வேறு. பாத்திரம் மட்டும் கூர்மையாகத் தெரியும், பின்னணி பழையபடியே கொரகொரவென்று இருக்கும், இரண்டும் ஒட்டாது. அங்கே அசல் அளவிலேயே விடுவதுதான் சரி. பலகோணங்கள் நடுங்குவது வேறு சங்கதி: அந்த இயந்திரம் முனைகளின் இடத்தைப் பின்னமில்லாத முழு எண்ணாகவே கணக்கிட்டது, அதனால் மெதுவான அசைவிலும் முனைகள் குதிக்கும். பிஜிஎக்ஸ்பி என்ற கோர் அமைப்பை இயக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தாமதம்: முதலில் கைவைக்க வேண்டிய இடம்

ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், சுமார் 16.7 மில்லி விநாடி. பழைய கன்சோலைக் குழாய் டிவியில் மாட்டினால், பொத்தானை அழுத்தியது முதல் படம் மாறுவது வரை ஆட்டம் எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும்தான் செலவு. இன்றைய அமைப்பில் கன்ட்ரோலர், இயங்குதளம், கிராபிக்ஸ் டிரைவர், டிவி என்று வழியில் நிற்கும் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. ‘ஏதோ கனமாக இருக்கிறது, முன்பு மாதிரி வரவில்லை’ என்று சொல்லி ஆட்டத்தைக் கைவிடுபவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை இதுதான். வயதாகிவிட்டது என்று தன்னையே நொந்துகொள்வார்கள்.

மென்பொருளைத் தொடும் முன் டிவியில் கேம் மோடை இயக்குங்கள். அது இல்லாமல் பட மெருகூட்டல் வேலைகள் பல ஃபிரேம்களைத் தின்றுவிடும். அந்த இழப்பை ரெட்ரோஆர்ச்சில் எந்த அமைப்பாலும் முழுவதும் மீட்க முடியாது. கன்ட்ரோலரைக் கேபிளில் இணையுங்கள். பிறகு ரெட்ரோஆர்ச்சின் வீடியோ மெனுவில் திரெடெட் வீடியோ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் தாமதமும் திக்கலும் சேர்ந்தே வரும். படம் வரைய வல்கன் டிரைவரைப் பயன்படுத்தினால் ஸ்வாப்செயின் படங்களின், அதாவது திரைக்குப் போகக் காத்திருக்கும் படங்களின், எண்ணிக்கையை 3இலிருந்து 2ஆகக் குறைக்கலாம். படம் தடங்கினால் திரும்ப 3.

இதற்குப் பிறகு வருவதுதான் ரெட்ரோஆர்ச்சை மற்றவற்றிலிருந்து தனியாக நிறுத்தும் அம்சம்: 2018இல் சேர்ந்த ரன்-அஹெட். அதன் வேலை இப்படி. பழைய ஆட்டங்கள் பொத்தானைப் படித்தவுடன் படத்தை மாற்றுவதில்லை. ஓரிரண்டு ஃபிரேம் கழித்துத்தான் மாற்றும். அசல் இயந்திரத்திலேயே அந்தத் தாமதம் உண்டு. ரன்-அஹெட் இயங்கும்போது, கோர் ஒவ்வொரு முறையும் அந்த ஓரிரு ஃபிரேம்களைக் கண்ணுக்குத் தெரியாமல் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, கடைசிப் படத்தை மட்டும் திரையில் காட்டிவிட்டு, தன்னைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்கிறது. டிவியில் இழந்ததை ஆட்டத்தின் சொந்தத் தாமதத்திலிருந்து எடுத்து ஈடுகட்டும் கெட்டிக்காரத்தனம்.

எத்தனை ஃபிரேம் வைக்கலாம் என்பதை யாரிடமும் கேட்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். ரன்-அஹெட்டை அணைத்துவிட்டு ஆட்டத்தை ஓட்டுங்கள். விசைப்பலகையில் ‘பி’ அழுத்தி நிறுத்துங்கள். தாவும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ‘கே’ விசையைத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். எத்தனையாவது தட்டில் பாத்திரம் அசைகிறது என்று எண்ணி, அதில் ஒன்றைக் கழியுங்கள். மூன்றாவது தட்டில் அசைந்தால் 2. பெரும்பாலான 8-பிட், 16-பிட் ஆட்டங்களுக்கு விடை 1 அல்லது 2தான் வரும். ஒன்று கூடுதலாக வைத்தால் தாவலின் முதல் அசைவே காணாமல் போய், பாத்திரம் இடம்விட்டு இடம் பாய்வதுபோலத் தெரியும். ஆட்டத்துக்கு ஆட்டம் எண் மாறும் என்பதால், குயிக் மெனுவில் ஓவர்ரைட்ஸ் பகுதிக்குப் போய் அந்த ஆட்டத்துக்கு மட்டுமாகச் சேமியுங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் ‘இரண்டாவது பிரதி’ என்ற தேர்வை இயக்குங்கள். நினைவகம் கூடுதலாகப் பிடிக்கும், ஒலி சரியாகிவிடும்.

செயலிக்கான சுமை வெளிப்படையானது: ஒரு ஃபிரேம் முன்னோட்டம் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு வேலை. ஸ்னெஸ்9எக்ஸுக்கு அது ஒன்றுமேயில்லை. நின்டெண்டோ 64 கோர்களில் வைத்தால் ஆட்டம் நொண்டும்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. என்இஎஸ்ஸும் சூப்பர் நின்டெண்டோவும் ஓடியது 60.0988 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு அத்தனை படம்), கேம் பாய் அட்வான்ஸ் 59.7275 ஹெர்ட்ஸில். இன்றைய திரை 60 ஹெர்ட்ஸ். இந்தச் சில்லறை வித்தியாசத்தை ரெட்ரோஆர்ச் ஒலியைக் காதுக்குத் தெரியாத அளவு இழுத்தும் சுருக்கியும் சமாளித்துவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் சிக்கல். ஏறக்குறைய 55 ஹெர்ட்ஸில் ஓடும் ஆர்-டைப், முதல் மார்ட்டல் காம்பாட் போன்ற ஆர்கேட் (காசு போட்டு ஆடும் பெட்டி) ஆட்டங்களும், 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பியப் பதிப்புகளும் 60 ஹெர்ட்ஸ் திரையில் திக்கித் திக்கித்தான் நகரும். மாறும் புதுப்பிப்பு விகிதம் கொண்ட திரை இருந்தால் ‘சிங்க் டு எக்ஸாக்ட் கன்டென்ட் ஃபிரேம்ரேட்’ அமைப்பை இயக்குங்கள், தீர்ந்தது. இல்லாதவர்கள் ஐரோப்பியப் பதிப்பைத் தவிர்ப்பதே நல்லது. மேலே சொன்ன பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டியின் 20 ஆட்டங்களில் 9 ஐரோப்பியப் பதிப்பாக இருந்ததால்தான் அவ்வளவு திட்டு வாங்கியது.

படம்: புள்ளிகளின் கணக்கு

சூப்பர் நின்டெண்டோ பெரும்பாலும் 256க்கு 224 என்ற அளவில் படம் வரைந்தது. அதைக் குழாய் டிவி 4:3 சட்டத்துக்கு இழுத்துக் காட்டியது. அதாவது ஒரு புள்ளி சதுரமல்ல, அகலவாக்கில் சற்று நீண்டது. ரெட்ரோஆர்ச்சில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை ‘கோர் வழங்கியது’ என்று விட்டுவிட்டால் சரியான வடிவம் கிடைக்கும். பதினாறுக்கு ஒன்பது சட்டம் முழுக்க இழுத்து நிரப்புவது மட்டும் வேண்டாம். மாரியோ பருத்துப்போவான், தாவலின் தூரத்தைக் கண் தப்பாகக் கணக்கிடும்.

அடுத்தது மடங்கு. 1080 வரித் திரையில் 240 வரிப் படத்தை நிரப்பினால் ஒவ்வொரு வரியும் 4.5 மடங்கு ஆக வேண்டும். பாதிப் புள்ளி என்று எதுவும் கிடையாது, ஆகவே சில வரிகள் நான்கு புள்ளி தடிமனாகவும் சில ஐந்தாகவும் வரும். நின்ற படத்தில் தெரியாது. திரை மேலும் கீழும் நகரும்போது கானல்நீர் மாதிரி நெளியும். வழி இரண்டு. இன்டீஜர் ஸ்கேல் இயக்கினால் சரியாக 4 மடங்கு, 960 வரி. மேலும் கீழும் 60 வரி கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்புப் பட்டை பிடிக்காவிட்டால் ஷார்ப்-பைலீனியர் ஷேடரைப் போடுங்கள். ஷேடர் என்பது படம் திரைக்குப் போகும் முன் அதை மாற்றும் சின்ன நிரல். எல்லைப் புள்ளிகளை மட்டும் லேசாகக் கலந்து நெளிவை மறைத்துவிடும். 1440 வரித் திரையில் 240 சரியாக 6 மடங்கு, 4கே திரையில் சரியாக 9 மடங்கு. புதுத் திரை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் மனதில் வைக்கலாம்.

குழாய் டிவியின் தோற்றத்தைத் தரும் ஷேடர்களை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சோனிக் முதல் பாகத்தின் அருவியை ஒருமுறை பார்த்தால் எண்ணம் மாறலாம். மெகா டிரைவால் ஒளி ஊடுருவும் நீரை நேரடியாக வரைய முடியாது. வரைந்தவர்கள் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியாகச் செங்குத்துக் கோடுகளைப் போட்டார்கள். காம்போசிட் கேபிளின் மங்கல் அந்தக் கோடுகளைக் கலந்து, பின்னாலிருப்பது தெரியும் நீராக்கியது. கூர்மையான எல்இடி திரையில் வெறும் ஜன்னல் கம்பிதான் தெரிகிறது. ஜெனசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் கோரின் அமைப்புகளிலேயே பழைய டிவிப் படத்தைப் போலக் காட்டும் என்டிஎஸ்சி வடிகட்டி இருக்கிறது. காம்போசிட் என்று மாற்றினால் கம்பி மறைந்து அருவி திரும்பிவிடும். அப்படிப் பார்க்கும்போது குறை கேபிளுடையது, படமோ அந்தக் குறையைக் கணக்கில் வைத்தே வரையப்பட்டது.

எந்த ஷேடர் என்றால், செல்பேசிக்கும் சின்னப் பலகைகளுக்கும் ஸீஃபாஸ்ட்-சிஆர்டி. சாதாரணக் கணினிக்கு சிஆர்டி-ஜியோம் அல்லது சிஆர்டி-ஈஸிமோட். தனி கிராபிக்ஸ் அட்டையும் 4கே திரையும் இருந்தால் சிஆர்டி-ராயல். 1080 வரித் திரையில் ராயலைப் போட்டுவிட்டுக் குறை சொல்வதில் பயனில்லை. குழாயின் வண்ணப் புள்ளிகளை வரையத் தேவையான இடமே அங்கு இல்லை. எல்லா ஷேடரும் படத்தை இருட்டாக்கும், ஆகவே டிவியின் பிரகாசத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். ஷேடர் போட்டபின் வீடியோ மெனுவில் பைலீனியர் வடிகட்டல் இயங்கியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

கையடக்கக் கன்சோல்களுக்குக் குழாய் ஷேடர் பொருந்தவே பொருந்தாது. முதல் கேம் பாய் அட்வான்ஸ் திரைக்குப் பின்விளக்கு இல்லாததால் ஆட்டங்களின் நிறங்களை வேண்டுமென்றே வெளிறிய பிரகாசத்தில் வைத்தார்கள். எம்ஜிபிஏ கோரில் வண்ணத் திருத்தத்தை இயக்கினால் கண் கூசாமல் இருக்கும்.

கறுப்புத் திரை வந்தால்

ஆட்டத்தைத் தொடங்கியதும் ஒரு நொடி கறுப்பாகி மெனுவுக்கே திரும்பிவிட்டால், பெரும்பாலும் காரணம் பயாஸ் கோப்புதான், அதாவது கன்சோலுக்குள் இருந்த தொடக்க நிரலின் நகல். பிளேஸ்டேஷனுக்கு எஸ்சிபிஎச்5500 ஜப்பான், 5501 அமெரிக்கா, 5502 ஐரோப்பா; ஒவ்வொன்றும் 512 கிலோபைட், நீட்டிப்பு ‘பின்’ (.bin). ரெட்ரோஆர்ச்சின் ‘சிஸ்டம்’ கோப்புறையில் நேராகப் போட வேண்டும், உள்ளே துணைக் கோப்புறை கூடாது. பெயரின் எழுத்துகள் அத்தனையும் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸும் ஆண்ட்ராய்டும் பிடிவாதம் பிடிக்கும். கோரை ஏற்றிவிட்டு இன்ஃபர்மேஷன், கோர் இன்ஃபர்மேஷன் என்று போனால், எந்த பயாஸ் இருக்கிறது, எது இல்லை என்று பட்டியலே காட்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் கேள்விகள் ஏராளம்.

வட்டு ஆட்டங்களில் அடுத்த தொல்லை கியூ (.cue) கோப்பு. அது ஒரு சின்ன உரைக் கோப்பு. பின் கோப்புகளின் பெயர் அதற்குள் எழுதியிருக்கும். பின் கோப்பின் பெயரை அழகுபடுத்தி மாற்றிவிட்டு கியூவுக்குள் மாற்றாமல் விட்டால் ஆட்டம் திறக்காது. கியூவை விட்டுவிட்டு பின்னை மட்டும் திறந்தால் சில ஆட்டங்கள் ஓடும், ஆனால் இசை வராது. இசை தனித் தடமாக இருக்கும், அது எங்கே தொடங்குகிறது என்பது கியூவுக்குத்தான் தெரியும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் சிஎச்டியாக மாற்றிவிடுங்கள். மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டருடன் வரும் சிஎச்டிமேன் கருவியில் ‘கிரியேட்சிடி’ கட்டளைக்கு கியூவை உள்ளீடாகக் கொடுத்தால் எல்லாத் தடங்களும் ஒரே கோப்பில் சுருங்கும். தரம் குறையாது, இடம் கணிசமாக மிச்சமாகும்.

பல வட்டுகள் கொண்ட ஆட்டத்துக்கு, அவற்றின் கோப்புப் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதி எம்3யு என்ற நீட்டிப்பில் ஓர் உரைக் கோப்பு செய்து, அதைத் திறந்து ஆடுங்கள். ஃபைனல் ஃபேண்டஸி 7க்கு மூன்று வரி. இப்படிச் செய்யாமல் ஒவ்வொரு வட்டையும் தனியாகத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி கார்டு உருவாகும். முதல் வட்டை முடித்துவிட்டு இரண்டாவதைத் திறந்தால் சேமித்தது எதுவும் அங்கே இருக்காது. எம்3யு வழியில் குயிக் மெனுவின் டிஸ்க் கன்ட்ரோலில் வெளியேற்றி, எண்ணை மாற்றி, உள்ளே தள்ளினால் போதும்.

ஆர்கேட் தனி உலகம். அந்த ஜிப் கோப்புகளைப் பிரிக்கக் கூடாது, பெயரையும் மாற்றக் கூடாது. கோரின் பதிப்பும் ரோம் (ஆட்டத்தின் கோப்பு நகல்) தொகுப்பின் பதிப்பும் பொருந்த வேண்டும்: மேம் 2003 கோருக்கு 0.78 தொகுப்பு, மேம் 2010 கோருக்கு 0.139. சண்டை ஆட்டங்கள்தான் நோக்கம் என்றால் ஃபைனல்பர்ன் நியோ எடுத்துக்கொண்டு அதற்கேற்ற தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள்; நியோ ஜியோ ஆட்டங்களுக்கு நியோஜியோ என்ற பெயரிலான பயாஸ் ஜிப்பும் கூடவே அதே கோப்புறையில் இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புத் திட்டுகளை (பேட்ச் கோப்புகளை) ரோமில் நிரந்தரமாக ஒட்டத் தேவையில்லை. ரோமின் பெயரையே திட்டுக் கோப்புக்கும் வைத்துப் பக்கத்தில் போட்டால், ஐபிஎஸ், பிபிஎஸ், யுபிஎஸ் மூன்றையும் ரெட்ரோஆர்ச் ஓடும்போதே ஒட்டிக்கொள்ளும். 2006இல் ஜப்பானில் மட்டும் வந்த மதர் 3, 2008இல் ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பால்தான் வெளியுலகுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பதிப்பு வரவேயில்லை. சூப்பர் நின்டெண்டோ ரோமில் திட்டு ஒட்டியபின் குப்பையாகத் தெரிந்தால், கோப்பின் அளவைப் பாருங்கள். பழைய நகலெடுக்கும் கருவிகள் முன்னால் 512 பைட் தலைப்பைச் சேர்த்திருக்கும். ஐபிஎஸ் திட்டு அதற்கேற்ப இடம் தவறி ஒட்டியிருக்கும்.

சேமிப்பில் ஏமாறும் இடங்கள்

சேமிப்பு இரண்டு வகை. ஆட்டமே கேட்ரிட்ஜில் எழுதுவது (சேவ்ரேம்) எஸ்ஆர்எம் கோப்பாகும். எஃப்2 அழுத்தினால் எழுதுவதும் எஃப்4 அழுத்தினால் ஏற்றுவதும் ஸ்டேட், அதாவது இயந்திரத்தின் அந்தக் கண நிலை முழுவதும். எஸ்ஆர்எம் வேறு கோருக்கும் வேறு எமுலேட்டருக்கும் பெரும்பாலும் போகும். ஸ்டேட் அந்தக் கோருக்கு மட்டும் சொந்தம், சில சமயம் அந்தப் பதிப்புக்கு மட்டுமே.

ஆட்டத்துக்குள் சேமித்தேன், மறுநாள் காணோம் என்ற புலம்பலுக்குக் காரணம் இருக்கிறது. ஆட்டோசேவ் இடைவெளி அணைந்திருந்தால், ஆட்டத்தை முறையாக மூடும்போதுதான் எஸ்ஆர்எம் கோப்பு வட்டில் எழுதப்படும். செல்பேசியில் செயலியை விரலால் தள்ளி மூடினால் எழுதும் வாய்ப்பே அதற்குக் கிடைக்காது. செட்டிங்ஸ், சேவிங் பகுதியில் சேவ்ரேம் ஆட்டோசேவ் இடைவெளியை 10 விநாடிக்கு வையுங்கள்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஸ்டேட்டுக்குள் அன்றைய எஸ்ஆர்எம்மும் அடங்கியிருக்கும். போன மாத ஸ்டேட்டை வேடிக்கைக்கு ஏற்றினால், நேற்று ஆட்டத்துக்குள் சேமித்தது அதோடு அழிந்துபோகும். ‘ஸ்டேட் ஏற்றும்போது சேவ்ரேமை மேலெழுதாதே’ என்ற அமைப்பு அதே பகுதியில் இருக்கிறது. நீண்ட ஆட்டங்கள் ஆடுபவர்கள் இயக்கிவைப்பது நல்லது.

கன்ட்ரோலரைப் பற்றி ஒரு வார்த்தை. ரெட்ரோஆர்ச் எல்லாக் கன்ட்ரோலரையும் சூப்பர் நின்டெண்டோ வடிவத்தில்தான் பார்க்கும்: கீழே பி, வலப்பக்கம் ஏ. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் எழுத்து தலைகீழ். இடத்தைப் பாருங்கள், எழுத்தைப் பார்க்காதீர்கள். ஹாட்கீ இயக்கும் பொத்தானாக செலக்ட்டை வையுங்கள். அப்போது செலக்ட்டோடு சேர்த்து அழுத்தினால் மட்டுமே சேமிப்பதும் வெளியேறுவதும் நடக்கும். இல்லையென்றால் கடைசிப் பெரிய எதிரியின் உயிர் ஒரு கோடு மிச்சம் இருக்கும்போது ஆட்டம் மூடிக்கொள்ளும்.

எங்கே சறுக்குகிறது

மெனுதான் இதன் பெரிய குறை. ஒரே விஷயம் கோர் அமைப்பில் ஒரு பெயரிலும் பொது அமைப்பில் இன்னொரு பெயரிலும் இருக்கிறது. ஆட்டம், கோப்புறை, கோர் என்று மூன்று அடுக்கில் ஓவர்ரைட் சேமிக்கலாம். ஆட்டத்துக்கானது எல்லாவற்றையும் மீறும். அடுக்குகள் கூடினால் எந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று சேமித்தவருக்கே தெரியாது. ரன்-அஹெட் எண்ணைத் தவிர வேறெதையும் ஓவர்ரைட்டில் வைக்காமல் இருப்பது பிழைக்கும் வழி. ரோம்களைத் தேடிப் பட்டியலிடும் ஸ்கேன், தன் தரவுத்தளத்தில் இல்லாத கோப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். மேனுவல் ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்க்கும்.

நின்டெண்டோ 64 இன்னும் அரைகுறைதான். முபென்64பிளஸ்-நெக்ஸ்ட் வேகமானது, சில ஆட்டங்களில் படம் பிசகும். பேரலெல் வீடியோ முறை துல்லியமானது, வல்கன் ஆதரிக்கும் அட்டை வேண்டும். சாட்டர்னுக்கு பீட்டில் சாட்டர்ன் நல்ல கோர், ஆனால் இரண்டு செயலிகளை ஒரே சமயத்தில் நகலெடுக்க வேண்டியிருப்பதால் கணினியைப் பிழிந்தெடுக்கும். கேம்கியூப், பிளேஸ்டேஷன் 2 வேண்டுமென்றால் டால்ஃபினையும் பிசிஎஸ்எக்ஸ்2ஐயும் தனி மென்பொருளாகவே வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே ரெட்ரோஆர்ச்சால் கூடுதல் லாபம் இல்லை. ஒரே ஒரு கன்சோலை மட்டும் ஆடுபவருக்கும் இவ்வளவு பெரிய முகப்பு தேவையில்லை, என்இஎஸ் மட்டும் என்றால் தனி மெசென் போதும்.

என்இஎஸ்ஸின் டக் ஹண்ட் ஆட்டத்துத் துப்பாக்கியை எல்இடி டிவியில் மாட்டி வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு: குழாயின் மின்கற்றை திரையை வரையும் ஒளித்துடிப்பைத்தான் அந்தத் துப்பாக்கி தேடுகிறது. எல்இடியில் அந்தத் துடிப்பே கிடையாது. மவுஸை வைத்துச் சுடலாம், அவ்வளவுதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2000இல் சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில், எமுலேட்டர் எழுதுவதற்காக பயாஸை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது எமுலேட்டருக்கான தீர்ப்பு. ரோமும் பயாஸும் உரிமையாளரின் சொத்துதான், அவற்றை ரெட்ரோஆர்ச் தருவதும் இல்லை. சொந்த கேட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஜிபி ஆபரேட்டர், சன்னி கார்ட் ரீடர் போன்ற கருவியால் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். அதைத் தள்ளிப்போடாமல் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கேட்ரிட்ஜின் சேமிப்பைக் காக்கும் நாணய பேட்டரி தீர்ந்தால் சேமிப்பும் போய்விடும். கடிகாரமும் ஓடும் போக்கிமான் கோல்டு, சில்வர் போன்றவற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பேட்டரியைக் கழற்றும் முன் சேமிப்பை நகலெடுங்கள். மறுபதிப்புக்குக் காத்திருக்கலாமே என்பவர்களுக்கு, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு: அமெரிக்காவில் வெளிவந்த பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் அப்போது எந்தக் கடையிலும் புதிதாக விற்பனையில் இல்லை.

கோர்களைப் புதுப்பிப்பதில் அவசரம் வேண்டாம். புதுப் பதிப்பில் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம் என்பதால், முதலில் ஆட்டத்துக்குள் இருக்கும் சேமிப்பு இடத்தில் ஒருமுறை சேமித்துவிட்டு, ‘சேவ்ஸ்’, ‘ஸ்டேட்ஸ்’ கோப்புறைகளை வேறிடத்தில் நகலெடுங்கள். கோர் மேலாண்மைப் பக்கத்தில் ஒவ்வொரு கோரையும் காப்புப் பிரதி எடுக்கவும் பூட்டவும் வசதி இருக்கிறது. நாற்பது மணி நேர ஆட்டம் ஒன்று பாதியில் இருந்தால் அந்தக் கோரைப் பூட்டிவையுங்கள். ஆட்டம் முடிந்தபின் திறந்து புதுப்பிக்கலாம்.